தொண்ணூற்றேழு புள்ளி ஒன்பது

ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான் ஆள். இந்த உலகத்துக்கு வந்து எழுபத்தொரு நாள் ஆகிறது. அதற்குள் எப்போது விளக்கணைப்பது, எப்போது கதவைச் சாத்துவது, யார் எந்தப் பக்கம் திரும்பித் தும்மலாம் என்பது வரை அந்த வீட்டில் எல்லாமே அவன் உத்தரவுப்படி நடக்க ஆரம்பித்துவிட்டது.

அவனுக்குப் பட்டாணி என்று பெயர் வைத்தது அவன் அப்பா. அப்பாவுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ஏசி, ஃப்ரிட்ஜ், குளிர்கிடங்கு என்று குளிர்விக்கிற இயந்திரம் எதுவானாலும் பிரித்துப் போட்டுச் சரிசெய்து விடுவான் என்பதால், தெருவே அவனைக் கூலிங் என்றுதான் கூப்பிடும். அம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பிரசவ விடுப்பில் இருக்கிறாள்.

இவர்கள் வீட்டில் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததை முதலில் சொல்லியாக வேண்டும். கூலிங்கின் அக்கா குழந்தையைப் பார்க்க வந்தாள். குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இருபது வருஷமாக நர்ஸாக இருக்கிறவள், வாய் சும்மா இருக்குமா? "ஏன்டா இப்படிப் பொட்டலம் கட்டி வெச்சிருக்கே, பிள்ளைக்கு வேர்க்குது பாரு" என்றாள். அதற்குத் தம்பி சொன்ன பதில்தான் போன மாதமெல்லாம் இந்த வீட்டின் கூரைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

"அதெல்லாம் பெத்துப் பார்த்தாத்தான் அக்கா தெரியும்."

அக்காவுக்குக் குழந்தை இல்லை. பட்டாணியை மெதுவாகத் தொட்டிலில் விட்டாள், செருப்பை மாட்டிக்கொண்டாள், போய்விட்டாள். இருபத்தாறு நாளாக ஒரு போன் கிடையாது. பேசியது தப்பு என்று அவள் படி இறங்கும்போதே கூலிங்குக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் நாக்கு நீண்ட வேகத்தில் கால் நீளவில்லை.

இன்று காலை ஐந்தரை மணிக்கு டீச்சர் அவனைத் தோளைத் தட்டி எழுப்பினாள்.

"என்னங்க, இவன் வாய் சுடுது."

"என்னது?"

"பால் குடிக்க வாயை வெச்சான். சுருக்குன்னுச்சு. ரெண்டு இழுப்பு இழுத்துட்டு விட்டுட்டான். இப்படி அவன் விட்டதே இல்ல."

கூலிங் எழுந்து குழந்தையின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. டீச்சர் ஏற்கெனவே ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துவிட்டிருந்தாள். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

கை சொல்வதை நம்புகிற வர்க்கமா அவன்? தொழில் பையைத் திறந்து டெம்பரேச்சர் கன்னை எடுத்தான். துப்பாக்கி மாதிரி பிடித்துக் குதிரையை அழுத்தினால், சிவப்புப் புள்ளி விழுகிற இடத்தின் சூட்டைக் கண் மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடும். அவன் தொழிலில் அது வலது கை. புள்ளி குழந்தையின் கண்ணில் பட்டுவிடாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, நெற்றிக்குக் குறி வைத்து அழுத்தினான்.

"தொண்ணூத்தேழு புள்ளி ஒன்பது! உன்னையும் என்னையும்விட ஜில்லுன்னு இருக்கான் உன் பிள்ளை. போய்ப் படு."

டீச்சர் அந்தச் சின்னத் திரையை எட்டிப் பார்த்தாள். எண் சரியாகத்தான் இருந்தது. எண்ணோடு சண்டை போட்டு அவளுக்குப் பழக்கமில்லை. ஆனாலும் தன் மார்பின் மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரியில கொடுத்த பையில ஒரு தெர்மாமீட்டர் இருக்கு. அதுலயும் ஒரு தடவை பார்க்கலாமா?"

"அந்த விளையாட்டுச் சாமானா? இது மைனஸ் முப்பதுல இருந்து ஐந்நூறு வரைக்கும் சொல்லும்மா!"

பெருமையாகத்தான் சொன்னான். எட்டு மணிக்கு வேனை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பியும் விட்டான்.

பத்தரைக்கு டீச்சர் போன் செய்தாள்.

"தூங்கிக்கிட்டே இருக்கான். எழுப்பினா கண்ணைத் திறந்துட்டு மூடிக்கிறான். பால் வேண்டாங்கிறான்."

"ராத்திரி ரெண்டு தடவை முழிச்சான்ல, அந்த அசதி. அதான் சூடு இல்லேன்னு பார்த்தோமே?"

"பார்த்தோம்..." என்றாள். அந்த 'பார்த்தோம்' கொஞ்சம் இழுத்தது. கூலிங் அப்போது குளிர்கிடங்கின் இரும்புக் கதவைத் திறந்துகொண்டிருந்தான். இழுத்தது காதில் விழுந்தது, மனசில் விழவில்லை.

அது மீன் பெட்டிகள் வைக்கிற கிடங்கு. இரண்டு ஆள் உயரத்துக்கு அட்டைப்பெட்டி அடுக்குகள். பேசினால் வாயிலிருந்து புகை வரும். இரண்டு நாளாகக் கம்ப்ரசர் மூச்சு வாங்குகிறது என்று மேற்பார்வையாளர் கூப்பிட்டிருந்தார். தடித்த குல்லாயும், அதைவிடத் தடித்த நம்பிக்கையும் உள்ள மனிதர்.

"நான் காலையிலேயே எல்லாம் செக் பண்ணிட்டேன் தம்பி. மெஷின்தான் சத்தம் போடுது. சரக்குக்கு ஒண்ணும் ஆகலை. இதோ பாரு."

பாக்கெட்டிலிருந்து அவரும் ஒரு டெம்பரேச்சர் கன்னை எடுத்தார். கூலிங் வைத்திருந்த அதே கம்பெனி. ஒரு பெட்டியின் மேல் சுட்டார்.

"மைனஸ் பதினெட்டு! போதுமா?"

கூலிங் சிரித்துவிட்டான். ஊசி வைத்த மீட்டரை எடுத்து, அதே பெட்டியைப் பிரித்து, நடுவில் இருந்த மீனின் வயிற்றுக்குள் செருகினான். எண் ஓடி வந்து நின்றது. மைனஸ் ஒன்பது.

"ஐயையோ!" என்றார் மேற்பார்வையாளர்.

"அண்ணே, நீங்க சுட்டது அட்டையை. அட்டைகிட்ட கேட்டா அட்டையோட கதையைத்தான் சொல்லும். மேல காத்து அடிச்சா மேல ஜில்லுன்னுதான் இருக்கும். உள்ளே என்ன நடக்குதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? எத்தனை தடவை சொல்றது, மேல் தோலைப் பார்த்து ஏமாறாதீங்கன்னு..."

பேச்சு அதோடு நின்றது.

மேற்பார்வையாளர் காத்திருந்தார். கூலிங்கின் கண்ணுக்கு எதிரே ஈரத்துணியால் துடைத்த ஒரு சின்ன நெற்றி இருந்தது. அதன் மேல் மின்விசிறி சுற்றியது. வாய் சுடுது என்று ஒருத்தி சொன்னாள். உள்ளேயிருந்து வந்த ஒரே தகவல் அதுதான். அதை ஒதுக்கிவிட்டு அவன் அட்டையைச் சுட்டுவிட்டு வந்திருக்கிறான்.

பதினாறு வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்கிற பாடம். தன் வீட்டில் தேவைப்பட்டபோது ஒரு எழுத்துகூட ஞாபகம் வரவில்லை.

ஓட்டமாக வெளியே வந்தான். போனை எடுத்து வீட்டு எண்ணை அழுத்தினான்.

"டீச்சர், அந்தத் தெர்மாமீட்டர்! அக்குளை நல்லாத் துடைச்சுட்டு வை. கையை உடம்போட ஒட்டிப் பிடிச்சுக்கோ. பீப் சத்தம் வர்ற வரைக்கும் எடுக்காதே."

"என்னங்க ஆச்சு?"

"வையேன் முதல்ல!"

அந்த நேரம் எவ்வளவு என்று பிறகு போனைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்: ஒரு நிமிஷம், நாற்பது விநாடி.

"என்னங்க..."

"சொல்லு."

"நூத்தியொண்ணு புள்ளி ஏழு."

போனில் குழந்தையின் மூச்சு லேசாகக் கேட்டது.

இங்கேதான் நம் ஆளின் மூளை வேலையைக் காட்டியது. முதலில் அதற்குத் தோன்றியது என்ன தெரியுமா? தெருமுனை கிளினிக். "டாக்டர் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்துடுவார். முதல் டோக்கன் போட்டுடறேன்" என்றான். மணி அப்போது பதினொன்று.

குழந்தைகள் ஆஸ்பத்திரி இருபது நிமிஷத் தூரம். பகலும் இரவும் திறந்தே இருக்கும். அவனுக்கும் அது தெரியும், அவளுக்கும் தெரியும். அந்த ஆஸ்பத்திரியில் யார் வேலை பார்க்கிறாள் என்பதும் தெரியும்.

டீச்சர் கத்தவில்லை. கரும்பலகையில் கணக்கு தப்பாகப் போட்ட பையனிடம் பேசுகிற குரலில் கேட்டாள்.

"இன்னும் ஆறு மணி நேரம் இருக்கு. அதுவரைக்கும் நான் இவனை மடியில வெச்சுக்கிட்டு எதைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கணும்? சொல்லுங்க."

கூலிங் வேன் சாவியைத் தேடி எடுத்தான்.

"நான் கிளம்பறேன். உங்க அக்காவுக்கு நீங்க போன் பண்றீங்களா, நான் பண்ணட்டுமா?"

"நானே பண்றேன்."

இருபத்தாறு நாளாக அந்தப் பெயர் போனில் கீழே கீழே போய், எங்கோ அடியில் கிடந்தது. தேடி எடுத்தான். முதலில் மன்னிப்பு, பிறகு விஷயம் என்று மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டான். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"சொல்லுடா."

"அக்கா, அன்னிக்கு நான்..."

"குழந்தைக்கு என்ன?"

அவன் குரலில் எதைக் கேட்டாளோ, தெரியவில்லை.

"காய்ச்சல். நூத்தியொண்ணு புள்ளி ஏழு. அக்குள்ல வெச்சுப் பார்த்தோம். காலையில இருந்து பால் சரியாக் குடிக்கலை. தூங்கிக்கிட்டே..."

"எழுபத்தோரு நாள்தான்டா ஆகுது அவனுக்கு!"

வயதை அவன் இன்னும் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. கோபித்துக்கொண்டு போனவள் இருபத்தாறு நாளும் வீட்டில் உட்கார்ந்து நாள் எண்ணியிருக்கிறாள்!

"கேளு. மூணு மாசம் ஆகாத குழந்தைக்கு நூறு புள்ளி நாலு தொட்டாலே யோசிக்கக் கூடாது. வீட்டுல வெச்சுப் பார்க்கிற வேலையே கிடையாது. உடனே வரணும். வேற ஒண்ணும் இல்லாட்டியும் வரணும். இவன் பாலும் குடிக்கலேங்கறே. மருந்து ஏதாவது கொடுத்தீங்களா?"

"இல்ல."

"கொடுக்காதீங்க. டாக்டர் பார்க்காம ஒரு சொட்டுகூட வேண்டாம். ஐஸ் தண்ணி, ஒத்தடம் எதுவும் வேண்டாம். மெல்லிசா ஒரு துணி போதும். மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே குழி விழுதா? உதடு எப்படி இருக்கு? உடம்புல சிவப்பா ஏதாவது?"

"நான் வேலையில இருக்கேன் அக்கா. அவதான் வீட்டுல..."

"அப்ப அவகிட்ட நான் பேசிக்கறேன். இதுல எது இருந்தாலும் ஆம்புலன்ஸ். இல்லேன்னா டாக்ஸியிலயே வரட்டும். வண்டி ஓட்டும்போது யாருக்கும் போன் பண்ணிக்கிட்டு இருக்காதே. பார்த்து வா."

வைத்துவிட்டாள். மன்னிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

ஆஸ்பத்திரிக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது பட்டாணி ஏற்கெனவே ஒரு நீலப் படுக்கையின் மேல் கிடந்தான். பெரியவர்கள் படுக்கிற அளவில் பாதிகூட இல்லாத படுக்கை. அதிலும் அவன் ஒரு மூலையைத்தான் நிரப்பினான்.

அக்கா அவன் கையைப் பிடித்திருந்தாள். பட்டாணியின் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கை அடியிலிருந்து வைத்து அடித்தாள். கை ரோஜா நிறத்தில் ஒளிர்ந்தது. அந்த ஒளிக்குள் ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. தையல் நூல்கூட அதைவிடத் தடிமனாக இருக்கும்.

அதற்குள்ளா ஊசி? கூலிங் செப்புக் குழாய்களோடு வாழ்கிறவன். தலைமுடி மாதிரி குழாயில் வாயுவை ஏற்றுகிற வேலை அவனுக்குத் தெரியும். ஆனால் அவன் குழாய் நெளியாது, அழாது, காலை உதைக்காது.

"நீ பேசிக்கிட்டே இரு, அவன் கேட்கட்டும்," என்றாள் அக்கா டீச்சரிடம். அடுத்த நொடி ஊசி உள்ளே இருந்தது. பட்டாணி வீல் என்றான். காலையிலிருந்து அவன் போட்ட முதல் உருப்படியான சத்தம்.

"அழறான்," என்றான் கூலிங் பதறி.

"அழட்டும். எனக்கு அழற குழந்தையைத்தான் பிடிக்கும்," என்றாள் அக்கா. இன்னும் தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை.

டாக்டரம்மா நிதானமானவர். குழந்தையின் உச்சந்தலையை, காதுகளை, வயிற்றை, ஒவ்வொரு விரலிடுக்கையும் பார்த்தார். பிறகு கேட்டார்.

"முதல்ல எப்பத் தெரிஞ்சது?"

டீச்சர் சொன்னாள். "அஞ்சரைக்கு. வாய் சுட்டுச்சு டாக்டர். எனக்கு நல்லாத் தெரிஞ்சது. அப்புறம் இவர் மெஷின்ல பார்த்தார். தொண்ணூத்தேழு புள்ளி ஒன்பதுன்னு வந்துச்சு. சரி, நமக்குத்தான் தோணுதுபோலன்னு விட்டுட்டேன்."

அவள் குற்றம் சாட்டவில்லை. நடந்ததை வரிசையாகச் சொன்னாள், அவ்வளவுதான். கூலிங் சுவரோடு சுவராக நின்றான். ஆறு மணி நேரம் தன் உடம்பு சொன்னதைப் பொய் என்று அவளே நம்பியிருக்கிறாள். அப்படி நம்ப வைத்தது அவன் காட்டிய எண்.

"என்ன மெஷின்?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"ஏசி, கம்ப்ரசர் எல்லாம் பார்க்கிறது," என்றான் அவன். அந்த அறையில் ஒளிந்துகொள்ள இடம் இருந்திருந்தால் ஒளிந்திருப்பான்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அது தோலோட சூட்டை மட்டும் சொல்லும். அடுத்த தடவை தெர்மாமீட்டர். அதைவிட முக்கியம், அம்மா ஏதோ சரியில்லேன்னு சொன்னா அதுவே வர்றதுக்குப் போதுமான காரணம்."

"டாக்டர், இந்தச் சூட்டை எப்படிக் கீழே இறக்கறது?"

அது அவன் தொழில் கேள்வி. வேறு எப்படிக் கேட்பான்?

"இறக்கறது அப்புறம். ஏத்தினது யாருன்னு நினைக்கிறீங்க?"

"கிருமி."

"கிருமி இல்ல. உங்க பிள்ளை." டாக்டரம்மா குழந்தையின் நெற்றிக்கு மேல் விரலை நீட்டினார். "மூளைக்கு அடியில ஒரு சின்ன இடம் இருக்கு. உடம்பு எவ்வளவு சூட்டுல இருக்கணும்னு முடிவு பண்றது அதுதான். கிருமி உள்ளே வந்ததும், அந்த அளவை அதுவே மேலே தள்ளி வைக்குது. அந்தச் சூட்டுல கிருமிக்கு வளர்றது கஷ்டம், இவனோட எதிர்ப்புக்குச் சண்டை போடறது சுலபம்."

"தெர்மோஸ்டாட்டைத் திருப்பி வைக்கிற மாதிரியா?"

"அதேதான்."

அவனுக்குத் தெரிந்த தெர்மோஸ்டாட் எல்லாம் யாராவது கையால் திருப்பினால்தான் திரும்பும். இங்கே ஐந்து கிலோ ஆள். கழுத்து இன்னும் நிற்கவில்லை. தன் கையைப் பார்த்தே இது யாருடையது என்று மிரள்கிறவன். அவன் காலையில் யாரையும் கேட்காமல், உள்ளே எதிரி வந்துவிட்டான் என்று தெரிந்துகொண்டு, தன் உலையைத் தானே ஏற்றியிருக்கிறான். யார் சொல்லிக் கொடுத்தது இவனுக்கு? இந்த வேலையை எங்கே கற்றுக்கொண்டு வந்தான்? கோயிலுக்குள் போனால் வராத ஒரு பணிவு, அந்த நீலப் படுக்கைக்கு முன்னால் அவனுக்கு வந்தது.

"அப்ப இவனே சரிபண்ணிக்குவானா டாக்டர்?"

"பெரிய குழந்தைன்னா ஒரு நாள் பார்க்கலாம்னு சொல்லலாம். இவன் விஷயத்துல முடியாது. இந்த வயசுல எதிர்ப்புச் சக்திக்கு ஆசை பெருசு, ஆள் பத்தாது. கிருமி ரத்தத்துல இருக்கா, வேற எங்கேயாவது இருக்கான்னு வெளியே பார்த்துத் தெரியாது. அதனாலதான் இவ்வளவு பரிசோதனை. ரத்தம் எடுத்தாச்சு. இனி சிறுநீர் வேணும்."

சிறுநீர்! வீட்டில் கூப்பிடாமலே சட்டை, சுவர், தலையணை என்று பாகுபாடு பார்க்காமல் வாரி வழங்குகிற வள்ளல் அவன். இங்கே நான்கு பெரியவர்கள் ஒரு சின்ன டப்பாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஐயா தருவதாக இல்லை.

சொட்டுச் சொட்டாகக் குளுக்கோஸ் இறங்கி, டீச்சர் மடியில் கொஞ்சம் பாலும் குடித்த பிறகு, அக்கா அவனைத் தூக்கினாள். இரண்டு அக்குளிலும் கை கொடுத்து, கால் தொங்கப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு இளம் நர்ஸ் அடிவயிற்றில் விரல் நுனியால் தட்டத் தொடங்கினாள், கதவைத் தட்டுகிற மாதிரி, மெல்ல, விடாமல்.

"டப்பாவை யார் பிடிக்கிறது?" என்றாள் இளம் நர்ஸ்.

அக்கா முதல் தடவையாகத் தம்பியைப் பார்த்தாள். "பெத்த ஆள் பிடிக்கட்டும்."

அவன் மண்டியிட்டு உட்கார்ந்தான். அக்காவின் கையில் குழந்தை தொங்க, கீழே தம்பி டப்பாவை ஏந்திக்கொண்டிருந்தான். ஐந்து நிமிஷம் ஆயிற்று. எட்டு ஆயிற்று.

"டேய், வீட்டுல என் மேல அள்ளித் தெளிக்கிறியே, இப்ப ஒரு கரண்டி கொடுடா ராசா," என்று கெஞ்சினான்.

"அப்பன் மாதிரியே. தேவையில்லாத இடத்துல கொட்டுவான், தேவையான இடத்துல வாயே திறக்க மாட்டான்," என்றாள் அக்கா.

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்தபடியே அழுதாள். அந்த நேரம் பார்த்து, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், ஒரு தங்கக் கம்பி வளைந்து வந்தது.

"பிடி, பிடி, பிடிடா!"

பாதி டப்பாவில், மீதி அவன் கைக்கடிகாரத்தில். போதும் என்றாள் இளம் நர்ஸ். கூலிங் அந்த டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்தான். வாழ்க்கையில் இவ்வளவு பத்திரமாக எதையும் அவன் தூக்கியதில்லை. அதைச் சோதனைக்கு அனுப்பிய பிறகும் கையைக் கழுவ மறந்து நின்றான்.

"அக்கா," என்றான்.

"கையைக் கழுவு முதல்ல."

"அன்னிக்கு நான் பேசினது..."

"கழுவிட்டு வா. சோப்பு போட்டு."

மூன்று மணிக்கு டாக்டரம்மா ஒரு தாளோடு திரும்பி வந்தார். டீச்சர் எழுந்து நின்றாள்.

"சிறுநீர்ல கிருமித் தொற்று இருக்கு. காய்ச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். ஊசி மருந்து இப்பவே ஆரம்பிச்சுடறோம். ரத்தத்துலயும் கிருமி பரவியிருக்கான்னு தெரிய ரெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் இங்கேதான் இருக்கணும்."

"நாங்க லேட்டா வந்துட்டோமா டாக்டர்?" டீச்சர் கேட்டாள்.

"சாயங்காலம் வரைக்கும் காத்திருந்தீங்கன்னா அந்தக் கேள்விக்கு நான் வேற மாதிரி பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். வந்துட்டீங்க."

சாயங்காலம் ஐந்து மணி. முதல் டோக்கன். கூலிங் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். "இவ்வளவு சின்ன வயசுல இந்தத் தொற்று வந்தா, சிறுநீர் கீழே போகாம சிறுநீரகத்துக்கே திரும்பி ஏறுதான்னு பார்க்கணும். நாளைக்கு ஸ்கேன். இது சில குடும்பங்கள்ல தொடர்ந்து வரும். உங்க ரெண்டு பேர் வீட்டுலயும் யாருக்காவது சின்ன வயசுல சிறுநீரகத்துல பிரச்சினை இருந்திருக்கா?"

"எங்க வீட்டுல இல்ல," என்றாள் டீச்சர்.

"எங்க வீட்டுலயும் கிடையாது டாக்டர்," என்றான் கூலிங். சந்தேகமே இல்லாத குரல். "அப்படி யாருக்கும்..."

"இருக்கு டாக்டர்."

சொன்னவள் அக்கா. பட்டாணியின் கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் ஓரத்தை விரலால் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"எனக்கு. ஆறு வயசுல காய்ச்சல் காய்ச்சலா வந்துச்சு. வீட்டுல வெச்சே பார்த்தாங்க, கஷாயம், பத்துப் போடறதுன்னு. பதினேழு வயசுலதான் கண்டுபிடிச்சாங்க. அதுக்குள்ள இடது சிறுநீரகம் சுருங்கிப் போச்சு. பிள்ளை பெத்துக்கிட்டா இன்னொண்ணும் தாங்காதுன்னு சொல்லிட்டாங்க."

வார்டு ரிப்போர்ட் படிக்கிற குரலில்தான் சொன்னாள். டாக்டரம்மாவின் பேனா நின்றது. இருபது வருஷம் ஒன்றாக வேலை பார்த்த பெண். அவருக்கும் இன்றுதான் தெரிகிறது.

டீச்சர் மெதுவாக அக்காவின் முழங்கையைப் பிடித்தாள்.

கூலிங் வாயைத் திறந்தான். பெத்துப் பார்த்தாத்தான் தெரியும் என்று சொன்ன அதே வாய். அதை மூடிக்கொண்டான்.

டாக்டரம்மா அவனைத் திரும்பிப் பார்த்தார். "கூடப் பிறந்தவர்தானே நீங்க? உங்களுக்கு இது தெரியாதா?"

அக்கா ஒருமுறை தம்பியைப் பார்த்தாள். குழந்தையின் மேல் கிடந்த மெல்லிய துணியைச் சரிசெய்தாள்.

"அவனுக்குத் தெரியாது டாக்டர்," என்றாள். "நான் சொன்னதில்லை."